ஊசி வீட்டு அளவு

அந்த அறையில் அன்று காலை இருந்தவர்கள் ஆறு பேர். கல்லீரல் டாக்டரம்மா ஒருவர். ஸ்கேன் கருவியை ஓட்டும் பெண் ஒருத்தி. சக்கர நாற்காலியில் சின்னவன். நாற்காலியின் பிடியை விடாமல் அவன் பின்னால் நின்ற அவன் மனைவி. சுவரோரம் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பெரியவரின் மனைவி. பனியனை நெஞ்சு வரை சுருட்டிவிட்டுக் கட்டிலில் மல்லாந்து கிடந்த பெரியவர். இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை.

பெரியவருக்கு அப்படி ஒன்றும் வயதாகிவிடவில்லை. நாற்பத்தெட்டுதான். அப்பா போனபோது இருபது வயதிலேயே கடைப் பொறுப்பு தோளில் ஏறியது. அன்றே அவர் பெரியவர் ஆகிவிட்டார். பேன்ட் தைப்பதற்கென்றே பேர்போன கடை. பெரியவர் அளவெடுத்துத் துணி வெட்டுவார். நாலு வயது இளையவனான தம்பி தைப்பான். அந்த வீட்டில் தொந்தி என்பதே கிடையாது. கையும் காலும் குச்சி, கன்னம் ஒட்டல், கழுத்தெலும்பில் சட்டையை மாட்டி வைக்கலாம். தெருவில் அதற்கு ஊசி வீடு என்று பெயர். யாரோ கேலியாக வைத்த பெயர்தான். பெரியவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

சின்னவனின் ஈரல் சுருங்கித் தழும்பு தட்டிப்போயிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் வயிறு உப்பியது, காலில் நீர் இறங்கியது, ஒரு காலையில் வாஷ்பேசினில் ரத்தமாக வாந்தி எடுத்தான். இனி அந்த ஈரல் தேறாது, வேறு ஈரலில் ஒரு பங்கு வெட்டி வைக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தவருக்கு மீதி ஈரல் மறுபடி வளர்ந்துவிடுமாம். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ரத்த வகை. "அப்புறம் என்ன, எடுத்துக்குங்க" என்று பெரியவர் அன்றே சொல்லிவிட்டார். ஊசி வீட்டு உடம்பு, அதில் என்ன கோளாறு இருந்துவிடப் போகிறது என்று அவருக்கு எண்ணம்.

ஸ்கேன் பெண் விலா எலும்புக்கு நடுவில் கருவியை அழுத்தினாள். ஒருமுறை பார்த்தாள். பிறகு டாக்டரம்மா தானே வாங்கி அழுத்திப் பார்த்தார்.

"இருபத்தெட்டு, ஐயா."

"இஞ்ச்சா?" என்றார் பெரியவர்.

"இல்லீங்க. உங்க ஈரல்ல நூத்துக்கு இருபத்தெட்டு பங்கு கொழுப்பு. பத்துக்கு மேல இருந்தா நாங்க எடுக்க முடியாது."

பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "பேர் மாறிடுச்சா பாருங்கம்மா. எனக்கு முன்னாடி இவளைத்தான படுக்க வெச்சீங்க."

இவள் என்றது சின்னவன் மனைவியை. அந்த வீட்டில் பருமனானவள் அவள் ஒருத்திதான். இடுப்பும் தொடையும் புடைத்து, நடந்தால் தரை பேசும். அவள் மருமகளாக வந்த நாளில், ரவிக்கைக்கு அளவெடுத்துவிட்டு, "நாடாவுக்கே ஒட்டுப் போடணும்போல இருக்கு" என்று பெரியவர் சொன்னார். அன்று முதல் அவளுக்கு மெத்தை என்று பெயர் நிலைத்துவிட்டது. அவளும் கேட்டும் கேளாதவள்போல் பதினாறு வருடம் ஓட்டிவிட்டாள்.

"அவங்களுக்கு நாலுதான் ஐயா" என்றார் டாக்டரம்மா. "சுத்தமான ஈரல். ரத்த வகைதான் சேரல."

"வகை மாத்தி வைக்க முடியாதா டாக்டரம்மா?" என்றாள் அவள். "எங்கிட்டதான் நிறைய இருக்கே. எல்லாரும் சொல்வாங்க."

"அதுக்கும் வழி உண்டும்மா. ஆனா அதுக்கு முன்னாடி குடுக்கற மருந்தை உங்க வீட்டுக்காரர் உடம்பு இப்ப தாங்காது. இறந்தவங்க குடுக்கற ஈரலுக்கும் பேர் எழுதி வெச்சிருக்கோம். அது எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது."

நல்ல ஈரல் இருக்கிறவளுடையது சேரவில்லை, சேருகிறவரிடம் அது இல்லை. பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். முதுகு மட்டும் வளையவில்லை.

டாக்டரம்மா மேசையிலிருந்து ஒரு அளவு நாடாவை எடுத்து அவருடைய தொப்புளைச் சுற்றிப் போட்டார். பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"டேப்பைத் தப்பான இடத்துல வைக்கிறீங்க, டாக்டரம்மா. இன்னும் கீழ."

"கீழ பேன்ட் நிக்கிற இடம் ஐயா. நான் பேன்ட் தைக்கலயே." குனிந்து எண்ணைப் பார்த்தார். "முப்பத்தேழு."

கடையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா காலத்திலிருந்து வருவது. வாடிக்கையாளரின் இடுப்பை அளந்தால், பெரியவர் சத்தமாக ஓர் அங்குலமோ, இரண்டு மூன்றோ குறைத்துத்தான் சொல்வார். நாலு பேர் நடுவில் ஒரு மனிதனின் வயிற்றை ஏலம் விடக் கூடாது என்பது மரியாதை. சொல்லும்போது நாடாவை விரலால் தட்டுவார். ஒரு தட்டுக்கு ஓர் அங்குலம். தம்பி அந்த எண்ணை எழுதி, தட்டுக்கு ஒன்றாகப் பக்கத்தில் புள்ளி வைப்பான். மூன்று புள்ளிக்காரர்கள் எல்லாம் அந்தக் கடைக்கு வாழ்நாள் அடிமை.

சின்னவன் சக்கர நாற்காலியிலிருந்து மெல்லிய குரலில் கேட்டான். "எத்தனை புள்ளி அண்ணே வைக்கட்டும்?"

பெரியவரின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை.

"இதுக்கெல்லாம் குடிதான் காரணம்னு சொல்றாங்களே" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மருந்துக் கடையில மூணு தடவை கேட்டுட்டாங்க, எத்தனை வருஷமா குடிக்கிறாருன்னு."

பெரியவரின் குரல் தடித்தது. "எங்க வீட்டுல பாட்டில்னா அது மெஷின் எண்ணெய் பாட்டில்தான். அதைத் தவிர ஒரு பாட்டில் வாசப்படி ஏறினதில்ல. எழுதிக்குங்க."

"நான் நம்பறேன் ஐயா. குடிக்காமலே இது வரும். என்ன சாப்பிடுவீங்க, சொல்லுங்க."

அதைச் சொல்வதில் பெரியவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அப்பா எண்ணெய்ப் பண்டத்துக்கு உயிரை விடுகிறவர். கடைசியில் அப்படியே விட்டார். ஐம்பத்தொன்றாம் வயதில், கடைப் படியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அன்றிலிருந்து அந்த வீட்டில் எண்ணெய் என்றால் மருந்துபோல் சொட்டுக் கணக்குதான். பொரியல் வெந்நீரில் வேகும். கொழுப்பு என்று பேர் சொல்லும் எதுவும் உள்ளே வராது. வயிறு நிறைய வெள்ளைச் சோறு. கடையில் பசித்தால் பன், பிஸ்கட். அதோடு டீ. வேலை மும்முரத்தில் ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது டீ. ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பூன் சர்க்கரை. கண் நோகும் வேலைக்குத் தெம்பு வேண்டுமே. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் தம்பி எழுந்திருப்பது சாப்பாட்டுக்குத்தான்.

"எண்ணெயை விட்டீங்க, சரி" என்றார் டாக்டரம்மா. "அந்தச் சர்க்கரையையும் சோத்தையும் உடம்பு என்ன பண்ணும்? செலவு போக மிச்சத்தைக் கொழுப்பா மாத்திதான் சேர்த்து வைக்கும். சிலருக்குத் தோலுக்கு அடியில நிறைய இடம் இருக்கும், இடுப்பு, தொடைன்னு. அங்க போய் சும்மா கிடக்கும்." சின்னவன் மனைவியைக் காட்டினார். "உங்க வீட்டு உடம்புல அந்த இடம் கம்மி. பரண்ல இடம் இல்லன்னா சாமானை நடுவீட்டுலதான போடுவீங்க? அப்படி ஈரல்ல, குடலைச் சுத்தி, உள்ள உள்ளயே அடைஞ்சிடுச்சு. வெளிய பார்த்தா குச்சி. எல்லாருக்கும் இப்படி ஆகணும்னு இல்ல. உங்களுக்கு ஆகியிருக்கு. தம்பிக்கு அதுவே முத்தி ஈரல் சுருங்கிடுச்சு."

"எனக்குத் தொந்தி இல்லையே."

"இருக்கு ஐயா. பேன்ட்டுக்கு மேல இருக்கு."

ஆறு வாரம் கொடுத்தார். சர்க்கரை அறவே கூடாது. பன், பிஸ்கட் கூடாது. சோறு ஒரு கை. காயும் பருப்பும் முட்டையும் மீதி. தினம் ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது; கிடந்தால் ஈரல் இன்னும் கெடும். பத்துக்குக் கீழே வந்துவிட்டால் மறுநாளே அறுவைக்கு நாள் குறிக்கலாம்.

"தம்பி ஆறு வாரம் தாங்குவானா?"

"தாங்கணும்னுதான் பார்க்கறோம்" என்றார் டாக்டரம்மா.

அன்று பிற்பகல் பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்குப் போனார். தம்பியின் மெஷின் மேல் உறை போட்டிருந்தது. சுவர் ஆணியில் குடும்பத்தாரின் பழுப்புக் காகித வெட்டு மாதிரிகள் தொங்கின. வருடப் பிறப்பன்று வீட்டில் எல்லோரையும் நிற்க வைத்து அளவெடுத்து நோட்டில் எழுதுவது பெரியவரின் பழக்கம். அந்த நோட்டில் இருபது வருடமாகச் சின்னவனின் இடுப்பு முப்பது. வருடா வருடம் முப்பது. நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

நோட்டை விட்டுவிட்டுச் சின்னவனின் வருடா வருட மாதிரிகளை இறக்கி வெட்டு மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தார். கால் நீளம் ஒன்றே. தொடை ஒன்றே. இடுப்புச் சுற்றும் ஒன்றே. முன்பக்கம் இடுப்புப் பட்டி வரும் இடம் மட்டும் ஒவ்வொரு வருடமும் நூலளவு கீழே இறங்கியிருந்தது. பின்பக்கம் அதே அளவு ஏறியிருந்தது. வயிறு முன்னால் வரும்போது பட்டியை அதற்கடியில் ஒதுக்கினால்தான் பேன்ட் நிற்கும். எந்த வெட்டுக்காரனுக்கும் தெரிந்த வித்தை. மேலே வளர்ந்ததைத் தொடாமல் கீழே நாடாவைப் போட்டால் எண் எப்படி ஏறும்? அந்த வளைவுகளை வெட்டியது வேறு யாருமில்லை, அவர் கைதான். கைக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மனம் வரவில்லை.

மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். ஒரு வாடிக்கையாளர் வந்து, "பெரியவரே, என் பேன்ட் ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததைப் பார்த்துச் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

மறுநாள் வார்டில் சின்னவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். கண் மஞ்சள். வயிற்றிலிருந்து குழாய் வழியாக நீர் வடிந்துகொண்டிருந்தது. பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டேய், நேத்து உன் பேட்டர்ன் எல்லாம் எடுத்துப் பார்த்தேன்."

"ம்."

"வெட்டும்போதே தெரிஞ்சிருக்கணும். முன்பக்கம் இறக்கிக்கிட்டே வந்திருக்கேன். மொத்தம் மூணு இஞ்ச்."

சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான். "எனக்குத் தைக்கும்போதே தெரியும் அண்ணே."

"தெரியுமா?"

"பட்டி தைக்கிறவன் நான்தான. பதினஞ்சு வருஷமாத் தெரியும்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா."

"நீங்க நோட்டைத் தூக்கிக்கிட்டு எல்லார்கிட்டயும் காட்டுவீங்க. ஊசி வீடு, ஊசி வீடும்பீங்க. அதுல போய் நான் எப்படிப் புள்ளி வைக்கறது?"

சின்னவன் மனைவி தண்ணீர்ப் பாட்டிலோடு உள்ளே வந்தாள். பெரியவர் எழுந்து ஸ்டூலை அவளுக்குக் கொடுத்தார். பதினாறு வருடத்தில் அவர் அவளுக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை.

"உட்காருங்க மாமா" என்றாள் அவள் பதறி.

"நீ உட்காரும்மா. நான் நடக்கணும்."

நடந்தார். விடிந்ததும் ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினார். ஒரு மணி நேரம், கைக்கடிகாரத்தைப் பார்த்து. முதல் வாரம் சர்க்கரை இல்லாமல் தலை இடித்தது, கை நடுங்கியது, ஒரு கோட்டுத் துணியையே கோணலாக வெட்டிவிட்டார். டீக்கடைக்காரர், "பெரியவரே, என் மேல ஏதும் கோபமா?" என்று கேட்டார். "உன் மேல இல்லய்யா, என் மேல" என்றுவிட்டு நடந்தார். மனைவி தட்டில் சோற்றைக் கையால் அளந்து வைத்தாள். பசியில் ஒருநாள் அடுக்களையில் நின்று சர்க்கரை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்து டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

தெரு வேறு விதமாகப் பார்த்தது. தம்பி சாகக் கிடக்கிறான், அண்ணன் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு காற்று வாங்குகிறான். யார் கேட்டாலும் அவர் விளக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இரண்டாம் வாரம் இருபத்துநாலு. நாலாம் வாரம் பதினேழு.

"நல்லா இறங்குது ஐயா" என்றார் டாக்டரம்மா.

"இன்னும் சீக்கிரம் இறங்க என்ன பண்ணணும்? ரெண்டு மணி நேரம் நடக்கறேன். சோறே வேண்டாம்."

"அதது வேகத்துலதான் இறங்கும். அவசரப்பட்டா உங்களுக்குக் கெடுதல், அவருக்கும் கெடுதல்."

துணியாக இருந்தால் ஒரே நாளில் பிரித்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்திருப்பார். அவசர வேலை என்றால் அந்தக் கடையை யாரும் மிஞ்ச முடியாது. தன் உடம்புக்குள் ஒரு கை அகலத்தில் கிடந்த கொழுப்பிடம் அவர் செல்வாக்கு எதுவும் செல்லவில்லை. இருபது வருடம் உட்கார வைத்துச் சோறு போட்டதை ஒரே மாதத்தில் எழுந்து போ என்றால் போகுமா?

ஐந்தாம் வாரம் சின்னவனுக்குப் பேச்சு குழறியது. ஒருநாள் அண்ணனை அப்பா என்று கூப்பிட்டான். மருந்து கொடுத்ததும் தெளிந்து, பன்னிரண்டு வயது மகளின் பள்ளிக்கூடச் சீருடைக்கு அளவு சொன்னான். தோள், கை, உயரம், எல்லாம் சரி. "ரெண்டு இஞ்ச் விட்டுத் தைங்க அண்ணே. வளர்ற புள்ள." அவன் மனைவி அவன் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். பகலெல்லாம் வேறு எதுவும் செய்ய அவளுக்கும் இல்லை.

ஆறாம் வாரக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை காலை, ஸ்கேன் பெண் கருவியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "எட்டு, ஐயா."

"சரியாப் பாரும்மா."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன். எட்டுதான்."

பெரியவர் பனியனைக்கூடச் சரியாக இறக்கிவிடவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு மூன்று மாடிப் படியை ஏறினார். லிஃப்டுக்கு நிற்கப் பொறுமையில்லை. மேலே போனபோது சின்னவனின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. டாக்டரம்மா வெளியே வந்து அவரை வராந்தா நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"எட்டு, டாக்டரம்மா. எட்டு."

"பார்த்தேன் ஐயா. கீழருந்து சொன்னாங்க." டாக்டரம்மா திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "முந்தாநாள் வயித்து நீர்ல கிருமி சேர்ந்துச்சு. நேத்து ரத்தத்துல கலந்துடுச்சு. இன்னிக்குக் காலையிலருந்து சிறுநீரகம் வேலை செய்யல. இப்ப மேசையில படுக்க வெச்சா, வெட்டின இடத்துலயே போயிடுவார்."

"என்னோடது சரியாயிடுச்சே."

"ஆமா. உங்களோடது சரியாயிடுச்சு."

"கிருமி போனதும் வைக்கலாமில்ல?"

"போனா வைக்கலாம் ஐயா. மருந்து குடுத்துக்கிட்டுதான் இருக்கோம்." அவர் குரலில் இருந்தது பெரியவருக்குப் புரிந்தது. கடையில் கெட்டுப்போன துணியைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்கலாம் என்று வாடிக்கையாளரிடம் தானும் அந்தக் குரலில் பேசியிருக்கிறார்.

"வேற யாரைப் பார்க்கணும் சொல்லுங்க. பெரிய டாக்டர் யாரு? நான் போய்க் கேட்கறேன். கால்ல விழணும்னாலும் விழறேன்."

அந்த வீட்டில் யாரும் யார் காலிலும் விழுந்ததில்லை. டாக்டரம்மாவுக்கு அது தெரிய நியாயமில்லை. அவர் பெரியவரின் கையிலிருந்த காகிதத்தை மெல்ல வாங்கி, மடித்து, அவர் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"யார் கால்லயும் விழ வேண்டியதில்ல ஐயா. பக்கத்துல போய் உட்காருங்க."

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். சின்னவன் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "எவ்வளவு மாமா?" என்றாள்.

"எட்டு."

"ஐயோ, வந்துடுச்சே" என்றாள். முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு அவர் நின்ற நிலையைப் பார்த்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவன் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் போனான். பக்கத்தில் அண்ணன், அண்ணி, மனைவி, மகள் நால்வரும் இருந்தார்கள். வாயில் சொட்டுத் தண்ணீர் விட்டது பெரியவர்தான். உடம்பைத் துணியில் சுற்றும்போது, வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "குச்சி மாதிரி இருந்தவனுக்கு இப்படி ஒரு நோவா" என்றார். சுற்றிய துணி நடுவில் மட்டும் உயர்ந்து நின்றது.

அதன் பிறகு பெரியவர் கடையைத் திறந்தார். தம்பியின் மெஷினில் இப்போது சின்னவன் மனைவி உட்காருகிறாள். கை படிந்து வருகிறது. அவளை மெத்தை என்று கூப்பிட அந்த வீட்டில் யாருக்கும் நாக்கு எழுவதில்லை. பெரியவர் இன்னமும் விடியற்காலையில் பாலம் வரை நடக்கிறார். எதற்கு என்று மனைவி கேட்டாள். நிறுத்தினால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்.

தெருவில் ஒரு பேச்சு சுற்றுகிறது. அண்ணன் ஈரலைக் கொடுக்கப் பயந்து, பத்தியம், நடை என்று சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினார், தம்பி அதற்குள் போய்ச் சேர்ந்தான் என்கிறார்கள். அது பொய். அவர் ஒரு நாளும் மறுக்கவில்லை. மறுத்தது ஆஸ்பத்திரி, முதலில் அவர் ஈரல் சரியில்லை என்று, பிறகு தம்பியின் உடம்பு தாங்காது என்று.